ஒன்றையொன்று தாங்கிக்கொண்ட இரண்டு சம்மதங்கள்

பன்னீர் வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாணம் ஞாபகம் வரும். எனக்கு லிஃப்ட் ஞாபகம் வருகிறது.

போன வாரம் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே கல்யாண மண்டபம். வாசலில் பட்டுப்புடவைக்காரர்கள் பன்னீர்ச் செம்போடு நின்று, வருகிறவர்கள் தலையிலெல்லாம் மழை பெய்யவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று அதில் ஒரு கையளவு எடுத்து, டீசல் புகையில் கலந்து, சாலையைக் கடந்து வந்து, பத்திரிகை வைக்காத என் மேலும் போட்டுவிட்டுப் போனது. சட்டென்று என் காதுக்குள் ஒரு லிஃப்ட் கதவு திறந்தது, மூடியது, திறந்தது.

அதே மண்டபத்தில்தான் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணம் நடக்காமல் போனது. எனக்குத் தெரிந்து, நடக்காமல் போன கல்யாணங்களில் மிகச் சிறப்பாக நடந்தது அதுதான்.

அப்போது நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் உண்மையைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம், வேலையின் பெயரே அதுதான்: உண்மைப் பராமரிப்பு. அபார்ட்மெண்ட்டில் மோட்டார் பராமரிப்பு, படிக்கட்டுப் பராமரிப்பு என்று இருக்கிறதல்லவா, அந்த வரிசையில் உண்மைக்கும் ஒன்று. மாதச் சம்பளத்துக்கு உண்மை, சொந்தச் செலவில் கவிதை என்று நான் வாழ்க்கையை நியாயமாகவே பிரித்து வைத்திருந்தேன்.

அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சிக்கலை அவிழ்க்கிற இயந்திரம் ஊகங்களை அடுக்கிக்கொண்டே போகும். கரண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருகிறதென்றால் மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓடியும் லிஃப்ட் நகரவில்லை என்றால் கோளாறு கயிற்றில். இப்படி ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, உறியடிக் கோபுரம் மாதிரி உயரமாகப் போய்விடும். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, "கரண்டே இல்லப்பா" என்பார்கள். உடனே மேலே ஏறியவை அத்தனையும் இறங்க வேண்டும். எது எதன் தோளில் நின்றது என்று ஞாபகம் வைத்திருந்து, அடியில் இருந்தவன் நழுவியதும் மேலிருப்பவர்களை மரியாதையாக இறக்கிவிடுவது எங்கள் பகுதி. இறக்கியது பொய் என்று அர்த்தமில்லை. இப்போதைக்கு அதை நம்பக் காரணம் இல்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் புரியாத மனிதர்களோடுதான் நான் நாற்பத்தேழு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

யோசனை பழையது. நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே யாரோ யோசித்து முடித்துவிட்டார்கள். நடுவில் எல்லோரும் வசதியாக மறந்துபோனார்கள். பிறகு, எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் பேசுகிற இயந்திரங்கள் வந்தன. எங்கள் கம்பெனியும் ஒன்றைக் கொண்டுவந்து அடுக்குமாடிகளின் லிஃப்ட் கோளாறைக் கண்டுபிடிக்க உட்காரவைத்தது. ஆஹா, அது பேசுகிற அழகு! உள்ளே நான்கு பேரோடு லிஃப்ட் அந்தரத்தில் தொங்கும். இது, "தங்கள் லிஃப்ட் சிறப்பான நிலையில் இயங்குகிறது" என்று எழுதும். ஆகவே அதன் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏன்? எதை வைத்துச் சொல்கிறாய்? யார் சொன்னது உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டியிருந்தது. சுத்தமான மாமியார் வேலை. மாமியாராகாத இரண்டு பெண்களை அதற்குப் போட்டார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி அவள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. வீடு சேலையூரில். கம்பெனி பஸ்ஸில் காலையும் மாலையும் என் பக்கத்து இருக்கை. கணினி நிரல் எழுதுவது அவள். எழுதியதைப் பார்த்து "ம்" சொல்வது நான். அந்த "ம்"முக்கு அலுவலகத்தில் தலைமை என்று பெயர்.

அந்த இயந்திரத்தின் முதுகில் நாங்கள் கட்டிய அமைப்பில் எல்லாக் கூற்றுக்கும் காரணம் வேண்டும் என்பது சட்டம். ஆனால் காரணத்துக்குக் காரணம், அதற்குக் காரணம் என்று போனால் ஓர் இடத்தில் எதையாவது கேள்வி கேட்காமல் விட்டுத்தான் ஆகவேண்டும். அப்படிக் காரணமே இல்லாமல் தரையில் நிற்கும் கூற்றுக்குப் பாடத்தில் "அடிப்படை" என்று கௌரவமான பெயர். அவள் நிரலில் அதற்கு வைத்த பெயர் "சும்மா".

"இது என்ன பேரு?" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேட்டுட்டே போனா எங்கேக்கா நிக்கிறது? ஏதாவது ஒண்ணு சும்மா நிக்கணும்ல?"

"ம்" என்றேன். தலைமை.

அந்த ஐப்பசியில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் இவளும்தான். முடிவெடுக்கிற வேலையெல்லாம் பெரியப்பாவுடையது. சேலையூரின் பழைய குடும்பம் அது. நெல் விளைந்த இடத்தில் மனை விளைந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை. பெரியப்பா முடிச்சூரில் ஏரியைப் பார்த்த மனை என்று சொல்லி விற்றவர். வெள்ளம் வந்த வருஷம் ஏரியே நேரில் வந்து மனையைப் பார்த்துவிட்டுப் போனது. அதிலும் அவர் சொன்ன சொல் பொய்க்கவில்லை.

பையன் குரோம்பேட்டை, வேலை புனேயில். பெண் பார்க்க வந்த அன்று இருவரையும் மொட்டை மாடியில் தனியாகப் பேசச் சொன்னார்கள். தனியாக என்றால், கீழே தெருவில் பத்துப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க. அவன் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "இங்கே லாரித் தண்ணியா?" என்று கேட்டிருக்கிறான். இவள், "வெயில் காலத்துல லாரி, மத்த நேரம் போர்" என்றிருக்கிறாள். பிறகு இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தக் காதல் காவியம்.

ஜாதகம் பிரமாதமாகப் பொருந்தியது. அதனால் பெரியப்பா மண்டபம் பிடித்தார். மண்டபம் பிடித்ததால் தையில் தேதி உறுதியானது. தேதி உறுதியானதால், "அங்கே போய் வேலை தேடிக்கலாம், இங்கே எழுதிக் குடுத்துடு" என்று யாரோ சொன்னார்கள். நம் வீடுகளில் மிகப் பெரிய முடிவுகளையெல்லாம் எடுப்பவர் இந்த யாரோதான். அவளும் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

அப்புறம்தான் பையனின் அத்தை ஊரிலிருந்து வந்து ஒரு குண்டைப் போட்டார். "அவன் காலையில எங்கே பொறந்தான்? சாயங்காலம், விளக்கு வெச்ச நேரம். நான்தானே கூட இருந்தேன்!" புது நேரத்தை வைத்துப் பார்த்தால் பொருத்தம் சுத்தமாக இல்லை. ஜோசியர் கையை விரித்துவிட்டார். இரண்டு குடும்பமும் கூடி உட்கார்ந்தது. பெரியப்பாதான் தீர்ப்புச் சொன்னார்: "பையனுக்குப் பொண்ணைப் புடிச்சிகீது. பொண்ணுக்குப் பையனைப் புடிச்சிகீது. மனசு பொருந்தினப்புறம் இன்னாத்துக்கு ஜாதகம்?"

இதை மறுநாள் பஸ்ஸில் அவள் என்னிடம் சொன்னாள். "பெரியப்பா இவ்ளோ முற்போக்கா பேசுவார்னு நினைக்கவே இல்லக்கா."

"ம்" என்றேன். எனக்கும் உறைக்கவில்லை.

உறைக்கவைத்தது லிஃப்ட்தான். பெரும்பாக்கம் பக்கத்தில் ஓர் உயரமான குடியிருப்பில் எங்கள் அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு லிஃப்ட் பதினோராவது மாடியில் நின்றுகொண்டு, விருந்தாளியை வழியனுப்ப மனமில்லாத வீட்டுக்காரி மாதிரி, கதவைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் போனில், "கன்ட்ரோல் போர்டு பார்த்துட்டேன் மேடம், நல்லா இருக்கு" என்றார். அதை அமைப்பில் ஏற்றினோம். போர்டு நன்றாக இருப்பதால் கதவு சென்சார் தரும் தகவலும் சரியென்று அது முடிவு கட்டியது. அதன்மேல் இன்னும் ஏழெட்டு முடிவுகள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அவரே கூப்பிட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. போர்டு பார்த்தேன்னு சொன்னேன்ல, பார்க்கலை. பழக்க தோஷத்துல சொல்லிட்டேன்."

அடடா, பொன்னான வாய்ப்பு. அடியில் இருந்தவன் நழுவிவிட்டான்; மேலிருப்பவை இறங்க வேண்டும். இதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம். மெக்கானிக்கின் சொல்லை எடுத்துவிட்டு, "இப்போது போர்டு எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

"போர்டு நன்றாக உள்ளது."

"ஏன்?"

"கதவு சென்சார் சரியான தகவல் தருவதால்."

"சென்சார் சரியென்று எப்படித் தெரியும்?"

"போர்டு நன்றாக உள்ளதால்."

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் பெருமூச்சு விட்டார், நிம்மதியில். "பாருங்க, காரணத்தோட சொல்லுது!" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் போகவில்லை. கேம்ப் ரோடு முனையில் தேர்தல் முடிந்த பிறகு இரண்டு பேனர்கள் நிற்கும், பார்த்திருக்கலாம். கட்டிய சவுக்குக் கம்பத்தை யாரோ உருவிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனாலும் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து, கும்பிட்ட கையோடு, அடுத்த தேர்தல் வரை நிற்கும். அதுதான் நடந்திருந்தது. ஒரு காரணத்தை எடுத்ததும் அவள் நிரல் ஒவ்வொரு முடிவிடமும் போய், "உனக்கு வேறு காரணம் இருக்கிறதா?" என்று பணிவாகக் கேட்டது. போர்டு, "இதோ, சென்சார்" என்று காட்டியது. சென்சார், "இதோ, போர்டு" என்று காட்டியது. இரண்டையும் விட்டுவிட்டது.

சாயங்காலம் அவள் கண்டுபிடித்தாள். "நிக்கும்போது கேட்கக் கூடாதுக்கா. நிக்கும்போது கேட்டா எல்லாமே ஏதாவது காரணம் சொல்லும். முதல்ல எல்லாத்தையும் இறக்கிடணும். இறக்கிட்டு, சும்மா இருக்கே, அங்கேருந்து ஒவ்வொண்ணா ஏத்திப் பார்க்கணும். தரையிலேருந்து ஏணி இருந்தா ஏறட்டும். இல்லையா, கீழேயே இருக்கட்டும்."

மாற்றி எழுதி ஓட்டினாள். போர்டு இறங்கியது. சென்சார் இறங்கியது. அவற்றின் மேலிருந்தவை பொலபொலவென்று இறங்கின. கடைசியில் அந்த இயந்திரம் தன் வாழ்நாளின் முதல் உண்மையைச் சொன்னது: "தெரியவில்லை. போர்டைப் பார்க்க ஆள் அனுப்பவும்."

டீ குடித்துவிட்டு வந்த மேலாளருக்கு முகம் சுருங்கிப்போனது. "நல்லாத்தானே பேசிட்டிருந்துச்சு? 'தெரியலை'ன்னு சொல்ல நமக்கு எதுக்கு மெஷினு?"

அன்று வழக்கம்போல பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பினோம். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் சூரியனை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, அசல் தங்களுடையதுதான் என்பது மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் பஸ் வழக்கம்போல வேரூன்றி நின்றது.

"அக்கா" என்றாள். "அவருக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு எனக்கு யார் சொன்னது?"

"யாரு?"

"பெரியப்பா."

"அவருக்கு யார் சொன்னது?"

"பையனோட அம்மா."

"அந்தம்மாவுக்கு?"

"பையன் சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பாரா, சொன்னாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான்காம் வகுப்புக் குழந்தை, தன் விடைத்தாளில் தானே தப்பைக் கண்டுபிடித்ததுபோல ஒரு பார்வை. "நான் ஏன் சரின்னேன் தெரியுமாக்கா? முதல்ல ஜாதகம் நல்லா இருக்குன்னாங்க, சரின்னேன். ஜாதகம் இல்லைன்னு ஆனப்போ, அவருக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னாங்க. அவ்ளோ ஆசைப்படறவரை எதுக்கு நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

"சரி. அவர் ஏன் சரின்னார்?"

பதிலுக்கு அவள் இயர்போனை எடுத்தாள். ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மற்றதை என் கையில் கொடுத்தாள். "சாட்சிக்கு" என்றாள். எண்ணைத் தட்டினாள். இத்தனை வாரமாக அந்த எண்ணுக்கு "சாப்டீங்களா", "சாப்டேன்" தவிர வேறெதுவும் போனதில்லை, வந்ததில்லை.

"ஹலோ, சொல்லுங்க. சாப்டீங்களா?"

"இல்ல, பஸ்ல இருக்கேன். ஒண்ணு கேட்கணும். உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு நீங்க யார்கிட்டேயாவது சொன்னீங்களா?"

புனேயில் ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"அது வந்து... நீங்க ரொம்ப ஆசைப்படறதா அம்மா சொன்னாங்க. உங்க பெரியப்பா சொன்னாராம்."

"அதனால?"

"அதனால சரின்னேங்க. ஜாதகமே வேணாம்னு ஒரு பொண்ணு சொல்லும்போது, நான் போய் யோசிக்கணும்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லலையா?"

"நீங்கதான் ஜாதகமே வேணாம்னு சொன்னதா இங்கே பேச்சு."

"ஐயோ, நானா? நான் ஜாதகத்தைப் பத்தி வாயே திறக்கலைங்க!"

பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு என் காதில் அவன் சிரிக்க ஆரம்பித்தான். நெடுநேரம் சிக்கியிருந்த லிஃப்ட்டின் கதவு திறந்ததும் உள்ளே இருப்பவன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "அப்போ யாருங்க ஆசைப்பட்டது?"

"எங்க பெரியப்பாவா இருக்கும்" என்றாள்.

"அப்போ உங்களுக்கு என்னைப் பிடிக்கலையா?" இதைக் கேட்டபோது சிரிப்பு இல்லை.

"பிடிக்கலைன்னு இல்லீங்க. பிடிச்சிருக்கான்னு நான் இன்னும் யோசிக்கவே இல்லை. உங்ககிட்ட பேசினது தண்ணித் தொட்டி பத்தி மட்டும்தான்."

"வெயில் காலத்துல லாரி, மத்த நேரம் போர்."

"ஞாபகம் இருக்கா?"

"அது ஒண்ணுதானே சொன்னீங்க. மறக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று நினைக்கிறேன், ஒருவர் புனேயில், ஒருவர் மேடவாக்கத்தில்.

"சரி, வீட்டுல சொல்லிடுவோம். நீங்க முதல்ல சொல்லுங்க, அதை வெச்சு நான்..."

"வேண்டவே வேண்டாம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் முன் இருக்கையில் தூங்கியவர் எழுந்துவிட்டார். "திரும்பவும் ஒருத்தரை வெச்சு ஒருத்தர் சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலையில. நீங்க உங்க வீட்டுல, நான் எங்க வீட்டுல. தனித்தனியா."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தாள். இரண்டாவது மாடி வீடு. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் கதவோடு கதவாக நின்றார். பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளை வேட்டி, மடியில் போன். அவள் விஷயத்தைச் சொன்னாள். பொறுமையாக, லிஃப்ட்டைக் கலக்காமல் சொன்னாள்.

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அட, இதானேம்மா மனப்பொருத்தம்ன்றது! அவன் இன்னா நினைச்சானோ அதையே நீயும் நினைச்சிகீற பாரு!"

நான் காபியைக் கவனமாக விழுங்கினேன்.

அந்த நேரம் குரோம்பேட்டையிலிருந்து போன் வந்தது. பையனும் சொல்லிவிட்டிருந்தான். பெரியப்பா கேட்டுக்கொண்டார், போனை வைத்தார், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். அடுத்து அவர் செய்ததை என் தொழிலில் உயர்ந்த வித்தை என்பார்கள். முரண்பாடு வந்துவிட்டால் கட்டியதையெல்லாம் இடிக்கக் கூடாது. குற்றவாளி எந்த ஊகமோ அதை மட்டும் பிடித்து, வேறொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அதை எங்கள் அமைப்புக்குச் சொல்லித்தர நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவர் காபி ஆறுவதற்குள் செய்தார்.

"சரி வுடு. மண்டபம் கீது. தேதி கீது. சமையலுக்குச் சொல்லிக்கீது. பத்திரிகை இன்னும் அடிக்கல. மாப்ளய மட்டும் மாத்திக்கலாம். ஊரப்பாக்கத்துல ஒரு பையன் கீறான், தங்கமான பையன். இன்னா சொல்ற?"

"வேண்டாம் பெரியப்பா."

"ஏன், எவனையாச்சும் மனசுல வெச்சிகீறியா? சொல்லு, பேசலாம்."

"இல்ல."

"மேல படிக்கணுமா?"

"இல்ல."

"வெளிநாடு கிளிநாடு?"

"இல்ல பெரியப்பா."

"அப்பறம் இன்னாதாம்மா காரணம்?"

"சும்மா."

"இன்னாது?"

"சும்மாதான். எனக்கு இப்போ வேண்டாம். அதுக்குக் கீழே ஒண்ணும் இல்ல. அதுதான் தரை."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பெரிய ஆபீஸ்ல கீற, நாலும் தெரிஞ்சவ. சும்மான்றது ஒரு காரணமா?"

"எங்க ஆபீஸ்ல இதுக்கு அனுமதி உண்டு சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு லிஃப்ட் கயிறு அறுந்திருக்கும். "நீயாச்சும் சொல்லேம்மா" என்று தன் தம்பி மனைவியை, அவள் அம்மாவை, பார்த்தார். அம்மா கதவை விட்டு நகர்ந்து வந்து, காலி டம்ளர்களை எடுத்தார். "மண்டபத்துக்கு நானே போய்ச் சொல்லிக்கிறேன் மாமா. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு உரக்கப் பேசப்படாத ஒரே வாக்கியம் அதுதான். அதை யாரும் எதிர்க்கவில்லை.

கல்யாணம் இறங்கியது. அதன் தோளில் இருந்தவை இறங்க வேண்டுமல்லவா? முதலில் ராஜினாமா. "கல்யாணம் என்ற காரணம் இல்லாமல் போனதால் திரும்பப் பெறுகிறேன்" என்று மின்னஞ்சல் போட்டாள். காரணம் போனால் முடிவும் போக வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் மேடையில் பேசுகிற கம்பெனி எங்களுடையது. மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"உன் இடத்துக்கு ஆள் எடுக்க உத்தரவு வந்தாச்சேம்மா."

"ஏன் சார் ஆள் எடுக்கறீங்க?"

"நீ போறியே."

"நான் ஏன் சார் போகணும்?"

"அதான் ஆள் எடுத்தாச்சே."

"சார், இந்தப் பிழையை நான் போன வாரம்தான் சரி பண்ணேன்."

"வெரி குட். புதுசா வர்றவங்களுக்கு அதையும் சொல்லிக் குடுத்துடு" என்றார். நல்ல மனிதர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு பேனர்களில் எதன் மீது கோபித்துக்கொள்வது?

அவளுக்கு வேலை போனது. போகக் காரணம் மட்டும் மிஞ்சவில்லை. நோட்டீஸ் நாட்கள் பாக்கி இருந்ததால், ஒரு வாரம் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு வந்தாள். நான் பேசிப் பார்த்தேன். மேடவாக்கம் சிக்னலும் தன்னால் முடிந்தவரை நிறுத்திவைத்துப் பார்த்தது. ஒருநாள் அவளாகவே சொன்னாள், கல்யாணப் பேச்சு இருந்தபோது புனேயில் விண்ணப்பித்திருந்த ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது என்று. லிஃப்ட் இல்லையாம், ரயில் சிக்னலாம். அங்கேயும் ஏன் என்று கேட்க ஆள் தேடுகிறார்களாம். மாப்பிள்ளை இறங்கியபோது புனேயும் கூடவே இறங்கியிருந்தது. இப்போது வேறு ஏணியில் ஏறி வந்திருக்கிறது. இதைத்தான் முன்னாலேயே சொன்னேன், இறங்கியது என்றால் பொய் என்று அர்த்தமில்லை.

மண்டபம் மட்டும் கடைசிவரை இறங்கவில்லை. அம்மா போய்ப் பேசியும் முன்பதிவு ரத்தாகாது என்றுவிட்டார்கள். ஒரு மண்டபம், ஒரு முகூர்த்தம், சொல்லிவைத்த சமையல். இவற்றுக்கெல்லாம் ஒரு தம்பதி தேவைப்பட்டது. பெரியப்பா தேடினார். எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் கண்ணாடியைப் பார்த்தார். அவருக்கு அறுபது முடிய இன்னும் சில மாதங்கள் பாக்கி இருந்தன. ஆனால் பிறந்த நேரத்தை மாற்றிக்கொள்வது அந்த வட்டாரத்துக்குப் புதிதா என்ன? தை மாதத்து அந்த முகூர்த்தத்தில், அந்த மண்டபத்தில், பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம் வெகு விமரிசையாக நடந்தது. பெரியம்மாவிடம் யாராவது கேட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. என் வேலை நேரம் முடிந்திருந்தது.

வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவள் அவள்தான். மறுநாள் காலை புனே ரயில். உள்ளே நாதஸ்வரம் தன் பாட்டுக்கு ஒரு நியாயத்தை வாதாடிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலைப் பையோடு வெளியே வந்தேன். தேங்காய் கனத்தது. எதிரே என் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"ரயில்ல தனியாவா போறே?"

"அம்மா வர்றாங்க. ஒரு மாசம் இருந்துட்டு வருவாங்க."

"அவரும் அங்கேதானே இருக்கார்?"

"ஆமா. பார்க்கலாமான்னு நான்தான் கேட்டேன். வர்ற சனிக்கிழமை."

"யார் சொன்னாங்க உன்னை, கேட்கச் சொல்லி?"

"யாரும் சொல்லலை."

"அப்புறம் எதுக்குடி?"

அவள் செம்பைச் சாய்த்தாள். நெற்றியில், கண்ணாடியில், வெற்றிலைப் பையில், எங்கும் பன்னீர்.

"சும்மாதான்க்கா. பஸ் வந்துடுச்சு, ஓடுங்க."